பாதியில் நின்ற அடுக்குமாடித் திட்டத்தில் பணம் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சென்னையைச் சுற்றி ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. சாலை, ஒரகடம் என்று எந்தப் பக்கம் போனாலும் தூணும் தளமுமாக நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடங்கள் கண்ணில் படும். விலை கேட்டால், பக்கத்தில் முடிந்து குடியேறிய வீட்டின் விலையில் பாதிகூடச் சொல்ல மாட்டார்கள். அது மலிவா இல்லையா என்பது கட்டடத்தைப் பார்த்துத் தெரிகிற விஷயம் அல்ல. இப்படிப்பட்ட திட்டத்தில் நீங்கள் வாங்குவது நிலத்தில் ஒரு பிரிக்கப்படாத பங்கு (யு.டி.எஸ்.). கூடவே, யாராவது கட்டி முடித்தால் ஒரு வீடு கிடைக்கும் என்கிற உரிமை. அந்த யாராவது யார், கட்டுவதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா, பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்று கேள்விக்கும் ஆவணத்தில் பதில் கிடைக்கும்வரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

முதல் வேலை, ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது. பணம் தீர்ந்து நின்ற திட்டம்தான் இருப்பதிலேயே நல்லது. பணம் வந்தால் அது நகரும். அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டியதால் நின்றது அடுத்தது. கூடுதல் மாடியை இடிக்க வேண்டியிருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நில உரிமையாளருக்கும் பில்டருக்கும் தகராறு என்றால், இருவரில் ஒருவர் இறங்கி வரும்வரை செங்கல் அசையாது. நிலத்தின் உரிமையிலேயே வழக்கு, நீர்நிலைப் புறம்போக்கு, கோயில் நிலம், வாரிசு கையெழுத்து விடுபட்டது என்றால் விலகிவிடுங்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது விலை இல்லாத சொத்து.

யு.டி.எஸ். கணக்கு

தமிழ்நாட்டில் பழைய திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு ஆவணங்களில் விற்கப்பட்டவை. நிலத்தின் பிரிக்கப்படாத பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், வீடு கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். முடிந்த ஃபிளாட்டுக்கு நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதியும் முறை 2023 டிசம்பரில்தான் வந்தது. ஆகவே நின்றுபோன பழைய கட்டடத்தில் பணம் கட்டியவர் பலர் வெறும் காத்திருப்போர் அல்லர், பதிவு செய்த நில உரிமையாளர்கள். பில்டர் காணாமல் போனாலும் நிலம் அவர்களிடம் இருக்கிறது. நொய்டா போன்ற இடங்களில், அரசு அமைப்பின் குத்தகை நிலத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இல்லாத பலம் இது. யு.டி.எஸ். பதிவாகாமல் ஒதுக்கீட்டுக் கடிதம் மட்டும் வைத்திருப்பவரிடம் வாங்கினால் அந்தப் பலம் உங்களுக்கு வராது.

அந்த யு.டி.எஸ். மெய்யா என்று இப்படிச் சோதியுங்கள். பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதில் பதிவாகியிருக்கும் யு.டி.எஸ். கிரயங்கள் எல்லாவற்றின் சதுர அடியையும் வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். மொத்த மனைப் பரப்பில் சாலைக்குத் தானம் கொடுத்ததையும் திறந்தவெளி ஒதுக்கீட்டையும் கழித்த அளவை அந்தக் கூட்டுத்தொகை தாண்டக் கூடாது. மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் 10 சதவீத நிலம் திறந்தவெளியாகத் தானம் போயிருக்க வேண்டும். கூட்டுத்தொகை தாண்டினால் ஒரே நிலத்தை இரண்டு முறை விற்றிருக்கிறார்கள் என்று பொருள். பணமுடை முற்றிய பில்டர்கள் கடைசியில் செய்வது பெரும்பாலும் இதுதான். வக்கீல்கள் தரும் லீகல் ஒப்பீனியன் பலவற்றில் இந்தக் கூட்டல் இருக்காது. உட்கார்ந்து நீங்களே போடுங்கள்.

அடுத்து பவர் பத்திரம். கூட்டுத் திட்டங்களில் பில்டர் தன் நிலத்தை விற்பதில்லை. நில உரிமையாளரின் பவர் ஏஜெண்டாகக் கையெழுத்துப் போடுகிறார். கிரயம் நடந்த தேதியில் அந்த பவர் உயிரோடு இருந்ததா? பவர் கொடுத்தவர் இறந்த பிறகோ ரத்து செய்த பிறகோ போட்ட கிரயம் பெரும்பாலும் நிற்காது. பவர் எழுதிய தேதி, ரத்தான தேதி, உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றின் தேதி, யு.டி.எஸ். பதிவான தேதி நான்கையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினால் சிக்கல் உடனே தெரியும்.

வில்லங்கச் சான்றில் உரிமை ஆவண ஒப்படைப்பு (அதாவது அடமானம்) என்று வரும் வரிகளை விட்டுவிடாதீர்கள். பில்டர் முழு நிலத்தையும் வங்கியில் வைத்துவிட்டு யு.டி.எஸ். விற்றிருக்கலாம்; அப்போது ஒவ்வொரு கிரயத்துக்கும் வங்கியின் தடையின்மைக் கடிதம் இருக்க வேண்டும். உங்களுக்கு விற்பவர் எடுத்த வீட்டுக்கடன் தனி. அதை அடைத்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகி, வில்லங்கச் சான்றில் ஏறிய பிறகே முழுத் தொகையையும் கொடுக்கலாம். பில்டர் கம்பெனியாக இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அதன் சொத்துகள்மீது என்னென்ன அடமானம் பதிவாகியிருக்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள்.

ரெராவும் சி.எம்.டி.ஏ.வும்

2017 மே 1 அன்று முடியாமல் இருந்த திட்டங்களும் ரெரா எனப்படும் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்தன. தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து பதிவு எண், முடிப்பதாகச் சொன்ன தேதி, நீட்டிப்பு, காலாண்டு அறிக்கை கடைசியாக எப்போது ஏற்றப்பட்டது என்று பாருங்கள். அறிக்கை நின்ற மாதம்தான் பெரும்பாலும் வேலை நின்ற மாதம். பில்டர் பெயரைப் போட்டு உத்தரவுகளையும் தேடிப் படியுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவுகள் குவிந்து கிடந்தால், விற்காத வீடுகளின் பணம் வீட்டைக் கட்டப் போகாமல் அந்தக் கடனை அடைக்கப் போய்விடும்.

சட்டத்தின் 8-ஆம் பிரிவு உங்களுக்கு முக்கியம். பதிவு காலாவதியானாலோ ரத்தானாலோ மீதி வேலையை முடிக்கும் முதல் வாய்ப்பு வாங்கியவர்களின் சங்கத்துக்குத்தான். 15-ஆம் பிரிவின்படி பில்டர் திட்டத்தை வேறொருவருக்குக் கைமாற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஒதுக்கீட்டாளர்களின் எழுத்துப்பூர்வ சம்மதமும் ரெராவின் முன் அனுமதியும் தேவை. "புது பில்டர் வந்துவிட்டார்" என்று தரகர் சொன்னால் இந்த இரண்டையும் கேளுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தரும் திட்ட அனுமதிக்கும் ஆயுள் உண்டு. காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்காமல் கட்டக் கூடாது; கட்டினால் பணி நிறைவுச் சான்று கிடைக்காது; அது இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் வராது. முடித்தும் குடியேற முடியாத கட்டடங்கள் இப்படித்தான் உருவாகின்றன. இதில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கான எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5-லிருந்து 2 ஆனது. பழைய அனுமதியில் நின்ற கட்டடத்தில் சாலை அகலமும் அஸ்திவாரமும் இடம்கொடுத்தால் கூடுதலாகச் சில வீடுகள் கட்டி விற்று, அந்தப் பணத்தில் மற்றதை முடிக்கலாம். ஆனால் கூடுதல் வீடு என்றால் எல்லோருடைய யு.டி.எஸ்.ஸும் கொஞ்சம் குறையும். மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் இதற்கும் வேண்டும். ஏற்கெனவே பதிவான பாகத்தைத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டியவர்களின் கையெழுத்து தனியாக வேண்டும்.

கட்டடத்தைச் சோதிப்பது

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். நிற்கிறது என்பதால் உறுதி என்று ஆகிவிடாது. மண் பரிசோதனை அறிக்கையும் அஸ்திவார வரைபடமும் இல்லாத கட்டடத்துக்கு விலையே பேசாதீர்கள்.

மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த மாடிக்காக விட்ட தூண் கம்பிகள் அங்கே வானத்தைப் பார்த்து நிற்கும். கம்பி தூசியைப் போலச் சிவந்திருப்பது ஒன்றுமில்லை. ஒயர் பிரஷ் போட்டால் போய்விடும். தகடு தகடாக உரிந்தால்தான் கவலை. ஒரு மீட்டர் துண்டை வெட்டி, துருவை நீக்கி, தராசில் வையுங்கள். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 16 மி.மீ. 1.58 கிலோ, 20 மி.மீ. 2.47 கிலோ இருக்க வேண்டும். விட்டத்தை மி.மீ.யில் தன்னாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் எடை கிடைக்கும். 16 மி.மீ. கம்பி 1.4 கிலோதான் நிற்கிறது என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விட்டது; தூணை உடைத்துப் புதுக் கம்பி சேர்ப்பதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கம்பி கான்கிரீட்டிலிருந்து வெளியே வரும் அந்த இரண்டு அங்குலத்தைத் தவறாமல் பாருங்கள். தண்ணீர் தேங்குவது அங்கே, முதலில் அரிப்பதும் அங்கேதான்.

தூணும் பீமும் சேரும் மூலைகளில் அரசங்கன்று முளைத்திருந்தால், வெட்டிவிட்டால் போதாது. வேர் போன விரிசலின் ஆழம்வரை கொத்திப் பார்க்க வேண்டும். அடித்தளத்தில் ஆண்டுக்கணக்காக நீர் நின்ற கட்டடத்தில் நீரை இறைத்து, தூணின் அடிப்பகுதி ஒரு மீட்டர் உயரத்துக்குத் தெரிந்த பிறகே பரிசோதனை தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டிய பரிசோதனைகள் ஐந்து. அல்ட்ராசோனிக் சோதனையில் ஒலி வேகம் வினாடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் என்றால் கான்கிரீட் நன்று. 3-க்குக் கீழே சந்தேகம். ரீபவுண்ட் சுத்தியல் மேற்பரப்பை மட்டும் சொல்லும். பழைய கான்கிரீட்டில் மேல்தோல் இறுகியிருப்பதால் உள்ளதைவிட நல்ல எண் காட்டும். அதை மட்டும் காட்டி "கட்டடம் ஸ்ட்ராங்" என்று கொடுக்கும் அறிக்கையை ஏற்காதீர்கள். மூன்றாவது கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டு எடுப்பது: மூன்று கோர்களின் சராசரி வலிமை வடிவமைப்புத் தரத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நான்காவது பினாஃப்தலீன் தெளிப்பது. புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால் நல்ல பகுதி இளஞ்சிவப்பாகும், காற்றின் கரியமில வாயு ஏறிய பகுதி நிறம் மாறாது. தூணில் கம்பிக்கு மேல் 40 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) இருக்க வேண்டும்; நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால் உள்ளே துரு தொடங்கும் நாள் வந்துவிட்டது. கடற்கரைச் சாலைப் பக்கம் என்றால் குளோரைடு அளவும் ஐந்தாவதாகச் சேர வேண்டும்.

பொருத்திவிட்டு ஓடாமல் நின்ற லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எதற்கும் மதிப்புப் போடாதீர்கள். மின்கம்பிகள் பெரும்பாலும் திருடு போயிருக்கும். குழாய்க்குள் சிமென்ட் அடைத்திருக்கும்.

எந்த வழியில் வாங்குவது

ஏற்கெனவே வாங்கியவரிடமிருந்து யு.டி.எஸ். கிரயமும் கட்டுமான ஒப்பந்தத்தின் உரிமை மாற்றமும் சேர்த்து வாங்குவது சிறு முதலீட்டாளருக்கு ஏற்ற வழி. இரண்டில் ஒன்றை விட்டாலும் பயனில்லை. அவர் பில்டருக்குக் கட்டிய ஒவ்வொரு ரசீதையும் அசலாக வாங்குங்கள். தாமதத்துக்கான வட்டி, பின்னால் வாங்கியவருக்கும் கிடைக்கும். ஆனால் கைமாறியது பில்டருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு முடிந்த அன்றே பில்டருக்கும் சங்கத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பிவிடுங்கள்.

வங்கி ஏலத்தில் வாங்குவதானால், பொதுவாக 10 சதவீத முன்வைப்பு கட்டி ஏலம் கேட்க வேண்டும். வென்றால் அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம் நிறைவாக வேண்டும். மீதி 15 நாளில். எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம்வரை போகலாம். முடியாவிட்டால் கட்டியது போய்விடும். பாதிக் கட்டடத்துக்கு வேறு வங்கி கடன் தராது என்பதால் முழுப் பணமும் கையில் இல்லாமல் ஏலத்துக்குப் போகாதீர்கள். வங்கி காகிதத்தில் அடையாள சுவாதீனம் மட்டும் எடுத்திருக்கிறதா, நேரடி சுவாதீனமா என்று அறிவிப்பிலேயே இருக்கும். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் கடன்தாரரின் மனு நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முழுத் திட்டத்தையும் ஏலத்தில் எடுப்பவர், ஏற்கெனவே பணம் கட்டியவர்களைத் தள்ளிவிட்டு நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் தப்பு. அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்ட நடவடிக்கையோடு மோதும்போது ரெராவே மேலோங்கும் என்ற ராஜஸ்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் 2022-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. சட்டம் அப்படி இல்லாவிட்டாலும், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் காத்திருப்பவர்களை ஒதுக்கிவிட்டு லாபம் பார்க்கும் திட்டத்தில் யாரும் சேரக் கூடாது.

கம்பெனி திவால் நடைமுறையில் இருந்தால், கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் தடைக்காலத்தில் ரெரா உத்தரவைக்கூட வசூலிக்க முடியாது. விற்பவர், வீடு வாங்கியவர்களுக்கான சி.ஏ. படிவத்தில் கோரிக்கை கொடுத்திருக்கிறாரா, ஏற்கப்பட்ட தொகை எவ்வளவு என்பதைக் கடன்கொடுத்தோர் பட்டியலில் சரிபாருங்கள். சட்டம் சொல்லும் உச்சக் காலம் 330 நாள். நொய்டாவின் ஜேபீ விஷ் டவுன் விவகாரம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பாயத்துக்குப் போய், 2023 மார்ச்சில்தான் அதன் மீட்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதன் பிறகும் மேல்முறையீடு. உறுதி லாபம், திரும்ப வாங்கிக்கொள்ளும் உத்தரவாதம் என்று எழுதிய ஒப்பந்தங்களைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் ஊக முதலீட்டாளர்கள், திவால் நடவடிக்கை தொடங்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

2019 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த 25,000 கோடி ரூபாய் ஸ்வாமி நிதி நின்றுபோன திட்டங்களுக்குக் கடைசிக்கட்டப் பணம் கொடுத்தது. 2025 பட்ஜெட்டில் 15,000 கோடியில் இரண்டாவது நிதி அறிவிக்கப்பட்டது. திட்டத்துக்கு இதில் ஒப்புதல் கிடைத்திருந்தால் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். விண்ணப்பித்திருக்கிறோம் என்ற பதிலுக்கு மதிப்பில்லை.

எவ்வளவு கொடுக்கலாம்

ஒரு கணக்கு. 1,000 சதுர அடி வீடு, யு.டி.எஸ். 400 சதுர அடி, பக்கத்தில் முடிந்த வீடு 65 லட்சம். பெயர் கெட்ட திட்டம் என்பதால் 10 சதவீதம் கழித்து 58.5 லட்சம். முடிக்கச் சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று பொறியாளர் சொன்னால் 15 லட்சம். அதற்கு மேல் 20 சதவீதம் எதிர்பாராச் செலவு 3 லட்சம். அனுமதி புதுப்பிப்பு, மின் வாரிய டெபாசிட், பழைய வரி பாக்கியில் உங்கள் பங்கு 2 லட்சம். மிச்சம் 38.5 லட்சம். மூன்று ஆண்டு காத்திருக்க ஆண்டுக்கு 15 சதவீதம் வேண்டுமென்றால் இதன் இன்றைய மதிப்பு 25.3 லட்சம். பத்திரச் செலவு 9 சதவீதம் போக நீங்கள் கொடுக்கலாம் என்பது 23 லட்சத்துக்குச் சற்று மேல். காத்திருப்பு ஐந்து ஆண்டானால் அதே கணக்கு 17.5 லட்சத்துக்கு இறங்குகிறது. விலையைத் தீர்மானிப்பது கட்டுமானச் செலவைவிடக் காலம்தான் என்பது இதில் தெரியும். ஐந்து ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பேரம் பேசுங்கள்.

யு.டி.எஸ். நிலமதிப்பு சதுர அடிக்கு 4,500 என்றால் 18 லட்சம். இதை அடிவிலை என்று தரகர்கள் சொல்வார்கள். தனி ஆளாக அந்தப் பாகத்தைப் பிரித்து விற்க முடியாது. எல்லோரும் சேர்ந்து இடித்து நிலத்தை விற்றால்தான் அந்தப் பணம் வரும்.

கட்டி முடிக்கும் கட்டம்

சங்கம் பதிவாகியிருக்கிறதா, யு.டி.எஸ். வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் உறுப்பினர், வெளிநாட்டில் இருப்பவர்கள் பவர் அனுப்பியிருக்கிறார்களா என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு சேராத சங்கத்தால் எதையும் முடிக்க முடியாது. பணம் திட்டத்துக்கென்றே ஒரு தனி வங்கிக் கணக்கில் போக வேண்டும்; மூன்று பேர் கையெழுத்து, பொறியாளர் அளந்து தரும் பில் இரண்டும் இருந்தால்தான் வெளியே வர வேண்டும். கான்ட்ராக்டருக்குச் சதுர அடிக் கணக்கில் மொத்தமாகக் கொடுப்பது பாதிக் கட்டடத்தில் சண்டையில் முடியும், ஏனென்றால் ஏற்கெனவே இருப்பது எது, அவர் செய்தது எது என்று பிரிக்க முடியாது. அயிட்டம்வாரியாக அளவெடுத்து, ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்துவையுங்கள். உரிமையாளர்களில் கால்வாசிப் பேர் தாமதமாகக் கட்டுவார்கள் என்று வைத்தே பட்ஜெட் போட வேண்டும். தாமதத்துக்கு வட்டியும், பாக்கி தீர்த்தால்தான் சாவி என்பதும் முதல் பொதுக்குழுவிலேயே தீர்மானமாக வேண்டும். பாதியில் கொண்டுவந்தால் நிறைவேறாது.

வரியில் ஒரு பொறி இருக்கிறது. மலிவாக வாங்கும்போது விலை, பத்திரப்பதிவுக்கான மதிப்பைவிடக் குறைவாக அமையும். முத்திரைத்தீர்வை அந்த மதிப்பின் மீதுதான். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த முழு வித்தியாசமும் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் மூலத்தில் வரி பிடிக்க வேண்டும். வழக்கமான 1 சதவீதம் இல்லை, மூலதன ஆதாய விகிதப்படி. பிடிக்காமல் விட்டால் வருமானவரித் துறை தேடி வருவது விற்றவரை அல்ல, உங்களைத்தான். ஆகவே குறைந்த விகிதத்தில் வரி பிடிப்பதற்கான சான்றை அந்தத் துறையிடம் வாங்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, அது வந்த பிறகு பத்திரத் தேதி குறியுங்கள்.